மொட்டை மாடியில் எடுக்க வேண்டிய முடிவு

“அண்ணே, இந்த வயரைக் கழட்டிட்டு மொட்டை மாடி டப்பாவுக்கு மாறிரலாமா?”

மதுரையில் வீடுகளுக்கு நெட் கொடுக்கும் என்னைப் போன்றவர்களிடம் இன்று அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2023 ஆகஸ்டில் ஏர்டெல் தில்லியிலும் மும்பையிலும் காற்று வழி வீட்டு இணையத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று ஜியோ, சென்னை உட்பட 8 நகரங்களில் தொடங்கியது. பிறகு அது எங்கள் ஊருக்கும் வந்தது. தெருவில் பள்ளம் தோண்ட வேண்டாம், கம்பத்தில் ஏற வேண்டாம், காலையில் சொன்னால் மாலைக்குள் மாட்டிவிடலாம். கேட்பவர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான்.

நான் ஃபைபர் லைனும் இழுக்கிறேன், அந்த டப்பாவையும் மாட்டுகிறேன். எதை எடுத்தாலும் எனக்கு வேலை உண்டு. அதனால் ஒன்றைத் தூக்கி இன்னொன்றைத் தாழ்த்திப் பேச வேண்டிய தேவை இல்லை. கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “இப்ப இருக்கிற நெட் எப்படிக் கெடுது?”

பெரும்பாலோர் வேகத்தைப் பார்த்து இணைப்பை மாற்றுகிறார்கள். விளம்பரமும் வேகத்தைத்தான் சொல்லும். ஆனால் எந்த இணைப்பும் ஒரு நாள் கெடும். ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில் கெடும். அதில் எந்த விதத்தை நம் வீட்டால் தாங்க முடியும் என்று தெரிந்துகொண்டால், மாறலாமா வேண்டாமா என்பது தானே தெளிந்துவிடும். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் அடுத்தவருக்குச் சொல்லத் தகுந்தது இதுதான்.

மேலூரில் நட்ட கம்பங்கள்

காற்று வழி இணையம் பலருக்குப் புதிது. எனக்கு அதுதான் முதல் வேலை. 2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் ‘சாரி’ என்றொரு திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடி, அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவையும் என்-லாக் நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தன. கிராமத்துக்கு ஒரு இணைய மையம் என்பது திட்டம். ஒவ்வொரு ஊருக்கும் கம்பி இழுத்தால் செலவு கட்டாது. அதனால் ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். மேலூரில் டவர், கிராமத்தில் இரும்புக் குழாயின் உச்சியில் ஒரு ஆண்டெனா, கீழே சுவரில் ஒரு பெட்டி. கிடைத்த வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்.

இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லை. அந்த வேகத்தில்தான் பிறப்புச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பம் போனது. ஊரிலேயே கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பேருந்து ஏறி ஒரு நாள் கூலியை விட வேண்டிய வேலை, பக்கத்துத் தெருவில் முடிந்தது. இணையம் என்றால் அது ஒரு வீட்டின் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிற பொருள் என்று எனக்கு அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

கம்பம் நடும் வேலைக்குப் போன இளவட்டம் நான். மேலே ஏறியதும் கீழே இருந்து மூத்தவர் கேட்பார்: “டவர் தெரியுதாடா?” தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. கார்டெக்ட் நேர்ப்பார்வை இருந்தால் 10 கிலோமீட்டர் வரை எடுக்கும். ஆனால் மேலூர்ப் பக்கம் கருங்கல் மலைகளும் பாறைக் குன்றுகளும் நிறைந்த பூமி. டவருக்குப் பக்கத்து ஊராக இருக்கும், நடுவில் ஒரு பாறை நின்று மறைத்துவிடும். வயல்வெளிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் இருக்கிற ஊருக்குச் சிக்னல் பளிச்சென்று வந்து நிற்கும். காற்று வழி இணைப்பில் தூரத்தைவிட, நடுவில் என்ன நிற்கிறது என்பதுதான் பெரிது. இருபது வருடம் கழித்து 5ஜி வந்த பிறகும் அந்தப் பாடம் மாறவில்லை. ஒத்தக்கடையில் யானைமலைக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் வேறு கதை.

அதன் பிறகு 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. தொலைபேசியின் செம்புக் கம்பியிலேயே பிராட்பேண்ட். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீடு பறக்கும், நாலைந்து கிலோமீட்டர் தள்ளிய வீடு திணறும். மழை பெய்தால் ஜாயிண்ட்டில் தண்ணீர் இறங்கும். அந்தக் காலத்தைத் தாண்டி ஃபைபருக்கு வந்தோம்.

ஃபைபர் கெடும் விதம்

ஃபைபர் இழையின் மொத்தப் பருமன் 125 மைக்ரான். அதில் ஒளி ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான். கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓஎல்டி எந்திரத்தின் ஒரு போர்ட்டிலிருந்து வரும் ஒளியை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறோம். நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஜிபான் முறையில் ஒரு போர்ட்டின் கொள்ளளவு இறங்குவதற்கு நொடிக்கு 2.5 ஜிகாபிட், ஏறுவதற்கு 1.25 ஜிகாபிட். 32 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக இழுத்தால்கூட வீட்டுக்கு 75 மெகாபிட்டுக்குக் குறையாது. ஆபரேட்டர் மேலே வாங்கும் பேண்ட்வித் போதுமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கும் ஒளிக்கு ஒரு அலைநீளம், ஏறும் ஒளிக்கு வேறு அலைநீளம் என்பதால் ஒன்றுக்காக இன்னொன்று காத்திருப்பதும் இல்லை. அதனால் ஒழுங்காகப் போட்ட ஃபைபர் இரவு 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும்.

அது கெடும்போது முழுதாகக் கெடும். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபி ஒரே இழுப்பில் அறுத்துவிடும். வைக்கோல் ஏற்றிய லாரி கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தேரோட்டத்துக்காகக் கேபிளை அவிழ்த்துத் திரும்பக் கட்டும்போது எங்காவது ஒன்று மடங்கும். அழகர்கோயில் பக்கம் குரங்குகள் தொங்கி ஆடும். ஊருக்குள் அணில் கடிக்கும். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்ததும் ஃபோன் வரும்: “தம்பி, ரெட் லைட் எரியுது.”

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஃபைபர் எப்படிப்பட்ட பொருள் என்று புரியும். ரோட்டோரத்தில் வண்டி சீட்டின் மேல் ஸ்ப்ளைசிங் மெஷினை வைப்போம். ஸ்ட்ரிப்பரால் உறையை உரித்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் இழையைத் துடைப்போம். துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். கிளீவரில் வைத்து ஒரே வெட்டு. முனை நேராக இருக்க வேண்டும். பிறகு இரண்டு முனைகளையும் மெஷினில் வைத்து மூடினால், திரையில் அவை ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வந்து, மின்பொறியில் உருகி ஒன்றாகும். இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டினால் நிம்மதி. ஸ்லீவைச் சூடேற்றி மூடி, வீட்டுக்குப் போய் பவர் மீட்டரை மாட்டிப் பார்ப்போம். மைனஸ் 20, 22 என்றால் நல்ல ஒளி. மைனஸ் 27ஐத் தொட்டால் பெட்டி எப்போது வேண்டுமானாலும் கைவிடும்.

ஸ்ப்ளைஸ் போடச் சில நிமிடங்கள் போதும். எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்து ஆள் வந்து சேர்வதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. அந்த ஆள் இரண்டு மணி நேரத்தில் வருகிறாரா, மூன்று நாளில் வருகிறாரா என்பதுதான் ஃபைபர் இணைப்பின் உண்மையான தரம். நல்ல லைன்மேன் இருக்கும் தெருவில் 50 மெகாபிட் இணைப்பும் நிம்மதி தரும். ஃபோனை எடுக்காத ஆபரேட்டரிடம் 300 மெகாபிட் வாங்கியும் பயன் இல்லை.

காற்று கெடும் விதம்

மொட்டை மாடி டப்பாவை நாங்கள் ஓடியு என்போம். உள்ளே 5ஜி மோடமும் ஆண்டெனாவும் இருக்கும். அங்கிருந்து ஒரு லேன் கேபிள் கீழே இறங்கி வீட்டுக்குள் இருக்கும் வைஃபை பெட்டிக்கு வரும். மின்சாரமும் அதே கேபிளில் மேலே ஏறும். காற்று வழி என்றாலும் வீட்டுக்குள் ஒரு வயர் உண்டு, சுவரில் ஒரு ஓட்டையும் உண்டு.

இதை மாட்டும் வேலையில் இடம் பார்ப்பதுதான் திறமை. ஐயர் பங்களாப் பக்கம் ஒரு வீட்டில் வீட்டுக்காரர் மாடிப்படிக் கூரைக்கு மேல் மாட்டச் சொன்னார். செல்போனில் செயலியைத் திறந்து பார்த்தால் சிக்னல் மைனஸ் 104. டவர் இருக்கும் திசையில் பக்கத்து வீட்டு வேப்பமரம் கொத்தாக நின்றது. தெற்கு மூலையில் தண்ணீர் டேங்க் வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டுக்குப் போய் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மைனஸ் 91. கொஞ்சம் கிழக்கே திருப்பினேன். மைனஸ் 84. அதோடு சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 6இலிருந்து 19க்கு ஏறியது. பத்தடி நகர்ந்ததில் இரண்டும் வேறு வேறு இணைப்புகள் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம். மைனஸ் 80ஐ ஒட்டி வந்தால் சிறப்பு, மைனஸ் 110ஐ ஒட்டினால் மாட்டவே கூடாது. வீட்டுக்காரர்கள் இந்த எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். மாட்ட வருபவர் காட்ட மறுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

மழை வந்தால் போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிஷ் ஆண்டெனாவில் மழைக்குப் படம் நின்றுபோவதைப் பார்த்த அனுபவம். டிஷ் பயன்படுத்துவது 11, 12 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை. அதை மழைத்துளி உறிஞ்சும். 5ஜிக்குப் பெரும்பாலும் பயன்படும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையை மழை அவ்வளவாகத் தொடாது. நனைந்த இலைகள் தொடும். அதனால் டவருக்கும் டப்பாவுக்கும் நடுவே மரம் இருக்கும் வீட்டில் கோடையில் ஓடிய வேகம் ஐப்பசியில் ஓடாது. இன்னொரு எதிரி கான்கிரீட். பக்கத்து மனையில் ஒருவர் இரண்டாவது மாடி எழுப்பினால் உங்கள் சிக்னல் பாதியாகலாம். மனை மனையாக வீடு ஏறிக்கொண்டிருக்கும் புதுக் குடியிருப்புகளில் இன்று அளந்த எண் அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

டவரிலிருந்து 5ஜி எடுக்காமல், 5 ஜிகாஹெர்ட்ஸ் உரிமமற்ற அலைவரிசையில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நேராக அடித்துக் கொடுப்பதும் உண்டு. இந்த அலைவரிசையை 2018இல் அரசு உரிமம் இன்றிப் பயன்படுத்த இன்னும் விரிவாகத் திறந்துவிட்டது. கிராமப் பக்கம் சிறு ஆபரேட்டர்கள் பலர் இதைத்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். நேர்ப்பார்வை சுத்தமாக இருந்தால் அருமையாக ஓடும். நடுவில் ஒரு தென்னை தலைகாட்டினாலும் தடுமாறும். உங்களுக்குத் தருவது இந்த இரண்டில் எது என்று கட்டாயம் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது பங்கு. ஒரு டவர் பொதுவாக மூன்று பக்கம் பார்க்கும். ஒரு பக்கத்துக்கு இருக்கும் அலைவரிசை, அந்தப் பக்கத்தில் நடமாடும் செல்போன்கள், வீட்டு டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் பொது. வீட்டு இணைப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் வசதி 5ஜியில் உண்டு. ஒதுக்கினாலும் மொத்தம் கூடிவிடாது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை இரவிலும், அழகர் ஆற்றில் இறங்கும் காலையிலும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் செல்போனில் பேச முயன்ற மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு புள்ளி சிக்னல் இருக்கும், அழைப்பு போகாது. அந்தப் பக்கத்து மாடிகளில் இருக்கும் டப்பாக்களும் அதே நெரிசலில்தான் நிற்கின்றன. திருவிழா வருடத்துக்கு ஒரு முறை. இரவு 8 மணி முதல் 11 மணி வரை தினமும் வரும். ஊரே வீடு திரும்பிப் படம் பார்க்கும் நேரம் அது.

ஏற்றும் வேகத்தையும் பார்க்க வேண்டும். 5ஜியின் இந்த அலைவரிசையில் இறங்குவதும் ஏறுவதும் ஒரே பாதைதான். நேரத்தைப் பிரித்து மாற்றி மாற்றி விடுகிறார்கள். நேரத்தில் பெரும்பங்கு இறக்கத்துக்குப் போகிறது. படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கேமரா முன் உட்கார்ந்து பாடம் எடுப்பவருக்கும், பெரிய ஃபைல்களை அனுப்பும் ஸ்டுடியோக்காரருக்கும் உடனே தெரிந்துவிடும்.

ஆக, ஃபைபர் எப்போதாவது அறுந்து முழுதாக நிற்கும். காற்று முழுதாக நிற்பது குறைவு. ஆனால் மாலைதோறும் கொஞ்சம் தேயும், பருவத்துக்குப் பருவம் மாறும்.

குற்றம் வீட்டுக்குள் இருக்கலாம்

மாற வேண்டும் என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் லேப்டாப்பை எடுத்து லேன் கேபிளால் பெட்டியோடு நேராக இணைப்பேன். அங்கே 100 மெகாபிட்டும் வந்தால் லைனில் குற்றம் இல்லை. பெட்டியை ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள், அல்லது பீரோவுக்கு மேலே. படுக்கையறைக்கு இடையில் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, சுவரைத் தாண்டாது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதே அலையில் மோதிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் எந்த கம்பெனிக்கு மாறினாலும் புதுப் பெட்டி அதே பீரோ மேல்தான் போய் உட்காரும். பெட்டியை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, தேவையானால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வைத்தால் முடிந்துவிடும். மாற வேண்டியது கம்பெனியா, பெட்டி இருக்கும் இடமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு லேன் கேபிளும் ஐந்து நிமிடமும் போதும். இதைச் செய்யாமல் யாரும் மாறிவிடாதீர்கள்.

மூன்று வீடுகள்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வேலை முடிந்தது என்று நினைத்தால் குடிநீர்க் குழாய் வேலை தொடங்கும். ஃபைபர் அறுந்துகொண்டே இருந்தது. “பேரப்பிள்ளைய பாக்கிற நேரத்துலதான் தம்பி சரியா நிக்குது,” என்றார் அம்மா. மாடி ஏறிப் பார்த்தேன். டவர் கண்ணுக்கே தெரிந்தது, நடுவில் மரம் இல்லை, பக்கத்து வீடுகள் எல்லாம் ஏற்கெனவே மாடி கட்டி முடித்தவை. அவர்களுக்குத் தேவை வீடியோ அழைப்பும் டிவியும். மாலையில் வேகம் பாதியானாலும் அவர்களுக்குத் தெரியாது. “மாறிருங்க சார்” என்று அன்றே சொன்னேன். இன்றும் நன்றாக ஓடுகிறது.

இரண்டாவது, ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் ஒரு அக்கா. தினமும் இரவு 7 முதல் 9 வரை வகுப்பு. அவர்தான் பேசுகிறவர், எழுதிக் காட்டுகிறவர். அதாவது ஏற்றும் வேகம்தான் அவருடைய பிழைப்பு. விளம்பரத்தைப் பார்த்து மாற நினைத்தார். அவருடைய மாடியில் அந்த கம்பெனியின் 5ஜி சிம் போட்ட ஃபோனை வைத்து வகுப்பு நேரத்தில் அளந்தோம். இறங்கும் வேகம் குறை சொல்ல முடியாது. ஏறும் வேகம் ஒரு நிமிடம் 12, அடுத்த நிமிடம் 2 என்று ஆடியது. “அக்கா, கணக்கு பாதியில நின்னா பிள்ளைகளுக்குப் புரியாம போயிரும்ல? இருக்கிற ஃபைபரே இருக்கட்டும்” என்றேன். அது அறுந்தால் சமாளிக்க ஃபோன் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் மாட்டிக் கொடுத்தேன். எப்போதாவது வரும் முழுநிறுத்தத்தை அவரால் சமாளிக்க முடியும். தினமும் வரும் தடுமாற்றத்தைத் தாங்க முடியாது.

மூன்றாவது, அழகர்கோயில் ரோட்டில் மாந்தோப்புக்குள் ஒரு வீடு. ஃபைபர் வர வேண்டுமானால் கம்பங்களே நட வேண்டும். அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை, காற்றுதான் வழி. மாமரங்களின் தலைக்கு மேலே போக வேண்டும் என்பதால் குழாய்க் கம்பம் நட்டு, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, டப்பாவை உச்சியில் ஏற்றினோம். மரம் வளரும், நாலு வருடத்தில் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். மேலூரில் கற்ற வேலை அங்கே அப்படியே உதவியது.

மாறுகிறவர்கள் பார்க்க வேண்டியவை

முதலில், அந்த கம்பெனியின் 5ஜி சிம் ஒன்றைக் கடன் வாங்கியாவது, டப்பா வைக்கப்போகும் இடத்தில் நின்று அளந்து பாருங்கள். பகலில் அளந்தது செல்லாது. இரவு 9 மணிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துச் சில நாள் அளக்க வேண்டும். இறங்கும் வேகம், ஏறும் வேகம், பிங் மூன்றையும் குறித்து வையுங்கள். டப்பாவின் ஆண்டெனா ஃபோனைவிட நல்லது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் ஃபோனில் ஆடுகிற எண் டப்பாவிலும் ஆடும்.

அடுத்தது டேட்டா எல்லை. ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தாலும் காற்று வழித் திட்டங்களில் மாதம் 1000 ஜிபி, ஃபைபரில் 3300 ஜிபி என்று எல்லை வைப்பது பரவலான வழக்கம். அதைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். 1000 ஜிபி என்றால் நாளுக்கு 33 ஜிபி. எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்குச் சுமார் 3 ஜிபி போகும், 4கே என்றால் 7 ஜிபி வரை. ஒரு டிவி உள்ள வீட்டுக்கு இது தாராளம். மூன்று டிவி, கேம் விளையாடும் பையன், எந்நேரமும் பதிவை மேலே அனுப்பும் சிசிடிவி உள்ள வீடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

சிசிடிவி என்றதும் இன்னொன்று. காற்று வழி இணைப்புகளில் பொது ஐபி முகவரி பெரும்பாலும் கிடைக்காது. பல வீடுகள் ஒரே முகவரியின் பின்னால் இருக்கும். புதிய கேமராக்கள் கம்பெனியின் செயலி வழியாக ஓடிவிடும். பழைய டிவிஆரை வெளியூரிலிருந்து நேராகத் திறந்து பார்ப்பவர்களுக்கும், அலுவலகத்துக்கு ஸ்டாட்டிக் ஐபி தேவைப்படுபவர்களுக்கும் இது தடை. ஃபைபரில் கேட்டு வாங்கலாம்.

பணக் கணக்கில், விளம்பரத்தில் 599 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கையிலிருந்து போவது 707. மாட்டுக்கூலி எவ்வளவு, வருடச் சந்தா கட்டினால் தள்ளுபடியா, பாதியில் விட்டால் பணம் திரும்புமா என்பதை முன்பே கேளுங்கள். முதல் மாதமே வருடத்துக்கும் கட்டிவிட வேண்டாம். மாதச் சந்தா கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், அந்தக் கூடுதல் பணம் சோதனைக்கான செலவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீடு மாறும்போது டப்பாவைக் கழற்றி மாட்ட என்ன கட்டணம், புது முகவரியில் சேவை இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.

மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபி காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். ஃபைபர் பெட்டிக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் போதும். கண்ட்ரோல் ரூமில் இன்வெர்ட்டர் இருந்தால் நெட் ஓடும். காற்று வழியில் மாடி டப்பா, வைஃபை பெட்டி இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டின் பிளக்கையும் அந்த லைனில் மாட்டச் சொல்லுங்கள். டவர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடும். எவ்வளவு நேரம் என்பது உங்கள் கையில் இல்லை.

கடைசியாக, பழைய இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். ஒரு மாதம் இரண்டையும் ஓட விடுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், குறிப்பாக விபிஎன் போட்டு ஆபீஸோடு இணைந்திருப்பவர்கள், புது இணைப்பில் ஒரு மாதம் முழுக்க வேலை பார்த்த பிறகு பழையதை விடலாம். கட்டுப்படியானால் ஒன்றைப் பெரிதாகவும் இன்னொன்றைச் சின்னத் திட்டமாகவும் வைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது. ஒன்று மண்ணுக்கு அடியிலோ கம்பத்திலோ கேபிளாக வருகிறது, இன்னொன்று டவரிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் கெடுவது அரிது.

இத்தனையும் கேட்டுவிட்டு, “அப்ப எதுதான் நல்லதுண்ணே?” என்று மறுபடியும் கேட்பவர்கள் உண்டு. நல்ல லைன்மேன் வந்துகொண்டிருக்கும் ஃபைபர் கையில் இருந்தால் விட வேண்டாம். ஃபைபரே வராத இடத்திலும், வந்தும் ஓயாமல் அறுந்துகொண்டிருக்கும் தெருவிலும், மாடியில் நல்ல எண் வந்தால் தைரியமாக மாறுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் தங்கள் வீட்டில் எந்த நேரம் நெட் நின்றால் யாருடைய சம்பளமோ படிப்போ நிற்கும் என்று பார்த்து, அந்த நேரத்தில் கெடாததை எடுக்க வேண்டும்.

என் தொழிலில் இருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மாட்டுவதற்கு ஒரு டப்பாவுக்கு இவ்வளவு என்று நமக்குக் காசு வருகிறது. அதற்காக மைனஸ் 108 காட்டும் மாடியில் மாட்டிவிட்டு வந்தால், அந்த வீட்டுப் பிள்ளை பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் இரவில் அது நிற்கும். “உங்க மாடிக்கு இது எடுக்காது” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருவதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். அப்படி இறங்கி வந்த வீடுகள் என்னை மறக்கவில்லை. அடுத்த இணைப்புக்கும், பக்கத்து வீட்டு இணைப்புக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.